நாடாளுமன்றத்துக் காவல் யார் கையில் இருக்க வேண்டும்?

கொள்ளிடக்கரை எழுதியது:

2025 ஆகஸ்ட் 1 அன்று மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவர் மல்லிகார்ஜுன கார்கே அந்த அவையின் துணைத் தலைவர் ஹரிவன்ஷுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவையின் மையப்பகுதியில் நின்று முழக்கமிட்ட உறுப்பினர்களை, உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையின் (சி.ஐ.எஸ்.எஃப்.) வீரர்கள் ஓடி வந்து மறித்தார்கள் என்பது புகார். ஆகஸ்ட் 5 அன்று அவையில் இதே விஷயம் வெடித்தது. வந்தவர்கள் நாடாளுமன்றப் பாதுகாப்பு ஊழியர்கள்தான், சி.ஐ.எஸ்.எஃப். இல்லை என்றார் ஹரிவன்ஷ். எதிர்க்கட்சிகள் ஏற்கவில்லை.

யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அவைக்குள் நின்றவர்கள் யாருடைய ஆட்கள் என்பதிலேயே எதிர்க்கட்சித் தலைவருக்கும் அவையை நடத்துபவருக்கும் தகராறு வருகிறதே, அதுதான் எனக்குக் கவலை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவைக்குக் காவல் நிற்பவர் அவைக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் படை தெருவில் நிற்கட்டும், மதில் ஓரம் நிற்கட்டும். ஆனால் ஓர் உறுப்பினரை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதனிடம் இருக்கக்கூடாது. அரசாங்கத்தைக் கேள்வி கேட்கத்தான் நாடாளுமன்றம் இருக்கிறது. கேள்வி கேட்கப் போகிறவரின் வழியில், பதில் சொல்ல வேண்டியவரின் ஆள் நிற்பது முறையல்ல.

இது புதிய யோசனையும் இல்லை. 1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் பட்டுகேஷ்வர் தத்தும் மத்திய சட்டசபையில் குண்டு வீசினார்கள். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் அரசு உள்ளே தன் போலீஸை நிறுத்தப் பார்த்தது. அவைத்தலைவராக இருந்த வித்தல்பாய் படேல் அதை விடவில்லை. அவைக்கென்று தனிக் காவல், அதுவும் தன் கட்டுப்பாட்டில் என்று நின்றார். அப்படிப் பிறந்ததுதான் வாட்ச் அண்ட் வார்டு. 2009 முதல் அதற்கு நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி என்று பெயர். அந்நிய ஆட்சியில் ஒரு இந்தியத் தலைவர் போராடி வாங்கிய ஏற்பாட்டை நாம் சத்தமில்லாமல் கைவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீலாங்கரை மணி எழுதியது:

2023 டிசம்பர் 13 அன்று அந்த வித்தல்பாய் படேல் ஏற்பாடுதானே இருந்தது? இரண்டு பேர் பார்வையாளர் மாடத்திலிருந்து மக்களவைக்குள் குதித்தார்கள், மஞ்சள் புகை வந்தது. அவர்களைப் பிடித்தது பாதுகாப்பு ஊழியர்களா, எம்.பி.க்களா? நேரலையில் நாடே பார்த்தது. விஷ வாயுவாக இருந்திருந்தால்? அப்புறம் யாருக்குக் கட்டுப்பட்ட காவல் என்று பேச அங்கே ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

பாரா டியூட்டி எழுதியது:

மணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் மத்தியப் படை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்தப் படை என்பது வேண்டாம். வாசல் டியூட்டி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன்.

2023 சம்பவத்தில் அந்த இரண்டு பேரும் புகைக்குப்பியை எங்கே வைத்திருந்தார்கள்? ஷூவுக்குள். அதற்கென்றே குடைந்த ஷூ. உடம்பைத் தடவிச் சோதிக்கிறவர் தோளில் ஆரம்பிப்பார், இடுப்பு, முழங்கால், கணுக்கால் வரை வருவார். காலணியைக் கழற்றச் சொல்வது தனி உத்தரவு. உத்தரவு இல்லாமல் கழற்றச் சொன்னால், "நான் யார் தெரியுமா, எந்த எம்.பி.யின் சிபாரிசில் வந்திருக்கிறேன் தெரியுமா" என்பதுதான் முதல் பதில். குப்பி பிளாஸ்டிக்கில் இருந்தால் உலோகம் காட்டும் கருவி கத்தாது. ஷூவைக் கழற்றாத சோதனையில் எந்தப் படை நின்றிருந்தாலும் அது உள்ளே போயிருக்கும். எனவே ஊழியரைக் குறை சொல்லி முடித்துவிடக்கூடாது.

ஆனால் கொள்ளிடக்கரை ஐயா, ஒரு விஷயம். அந்த வளாகத்தில் அன்றைக்கு எத்தனை அமைப்புகள் இருந்தன? உள்ளே நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி, ஆயுதத்தோடு சி.ஆர்.பி.எஃப். என்ற மத்திய ரிசர்வ் போலீஸ் படை, வெளி வட்டத்தில் டெல்லி போலீஸ். மூவருக்கும் மூன்று அதிகாரிகள். எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க வேண்டிய பாதுகாப்பு இணைச் செயலாளர் பதவி அந்த நேரத்தில் காலியாகக் கிடந்தது. சம்பவம் நடந்ததும் எட்டு ஊழியர்களை மக்களவைச் செயலகம் பணியிடை நீக்கம் செய்தது. பதவியைக் காலியாக விட்டவர்களுக்கு என்ன நடந்தது? கீழே நிற்கிறவன்தான் எப்போதும் மாட்டுவான். ஒரே படை, ஒரே தலைமை என்று ஆனால் பொறுப்பு யாருடையது என்றாவது தெரியும்.

கொள்ளிடக்கரை எழுதியது:

ஐயா, அந்தப் பதவி காலியாக இருந்ததைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் ஒரே தலைமை வேண்டும் என்றால் அது ஏன் உள்துறையின் தலைமையாக இருக்க வேண்டும்? சபாநாயகரின் கீழ் ஒரே தலைமை என்று வைக்க முடியாதா?

மணிக்கு: 2001ஐ மறக்க வேண்டாம். அன்றைக்கும் டிசம்பர் 13தான். உள்துறை அமைச்சக வில்லை ஒட்டிய வெள்ளை அம்பாசடரில் ஐந்து தீவிரவாதிகள் நாடாளுமன்றத்தைத் தாக்க வந்தார்கள். அவை ஒத்திவைக்கப்பட்டிருந்தாலும் உறுப்பினர்கள் பலர் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள். ஜகதீஷ் பிரசாத் யாதவ், மத்பர் சிங் நேகி இருவரும் வாட்ச் அண்ட் வார்டு ஊழியர்கள். கையில் துப்பாக்கி கிடையாது. யாதவ் காரைச் சந்தேகித்துப் பின்னால் ஓடினார். நேகி குண்டு பட்ட பிறகும் கதவை அடைக்கவும் எச்சரிக்கவும் ஓடினார். கமலேஷ் குமாரி சி.ஆர்.பி.எஃப். காவலர், அவரிடமும் ஆயுதம் இல்லை, கத்தி எச்சரித்தார். மூவருக்கும் மரணத்துக்குப் பின் அசோக சக்கரம் கொடுத்தார்கள். எந்தக் கதவு எங்கே திறக்கும், எந்தத் தாழ்வாரம் எங்கே போகும், யார் உறுப்பினர், யார் இல்லை என்பதெல்லாம் அந்த ஊழியர்களுக்கு மனப்பாடம். அன்றைக்கு அவைக் கதவுகள் அவ்வளவு வேகமாக மூடப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீலாங்கரை மணி எழுதியது:

அவர்கள் தியாகத்தை யாரும் குறைத்துப் பேசவில்லை. கையில் துப்பாக்கி இருந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

தெற்குவாசல் எழுதியது:

நம் ஊர்க்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். சி.ஆர்.பி.எஃப். பிரிவில் சுமார் 1,400 பேர் இருந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு 2024 மே 20 முதல் 3,317 சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த மாதமே, ஜூன் 18 அன்று, தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர் எம்.எம். அப்துல்லாவை வாசலில் நிறுத்தி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அப்போதைய மாநிலங்களவைத் தலைவர் ஜகதீப் தன்கருக்குக் கடிதம் எழுதினார்.

இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. எம்.பி. நாடாளுமன்றத்துக்கு எதற்கு வருகிறார் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. அவருக்கு அங்கே வேலை இல்லாத நாளிலும் வரலாம். அதுதான் அவர் இடம். பழைய ஊழியர்கள் முகம் பார்த்தே வணக்கம் சொல்லி விடுவார்கள். விமான நிலையத்தில் நிற்கிற பழக்கத்தோடு வந்தவருக்கு எல்லாரும் பயணிகள்தான்.

பாரா டியூட்டி எழுதியது:

தெற்குவாசல் தம்பி, கேட்ட வீரருக்குப் பணி புதிது. 543 மக்களவை உறுப்பினர்கள், 245 மாநிலங்களவை உறுப்பினர்கள். எல்லா முகமும் ஒரே மாதத்தில் மனதில் நிற்காது. கேட்டது தவறு, ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் குறை. அதற்காக அரசு எதிர்க்கட்சியை மிரட்டியது என்று போய்விட முடியாது.

தெற்குவாசல் எழுதியது:

மிரட்டல் என்று நான் சொல்லவில்லை சார். புகார் யாரிடம் போக வேண்டும் என்பதைத்தான் கேட்கிறேன். வாட்ச் அண்ட் வார்டு ஊழியர் தவறு செய்தால் செயலகம் விசாரிக்கும், அவைத்தலைவர் நடவடிக்கை எடுப்பார். இந்த வீரரின் சம்பளமும் பதவி உயர்வும் ஒழுங்கு நடவடிக்கையும் உள்துறையின் கீழ் இருக்கிறது. அவைத்தலைவர் என்ன செய்ய முடியும்? படைக்குச் சொல்லி அனுப்பலாம், அவ்வளவுதான்.

2017 பிப்ரவரி 18 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. தி.மு.க. உறுப்பினர்களை அவைக் காவலர்கள் தூக்கி வெளியேற்றினார்கள், ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். அவைக் காவலர் உடையில் போலீஸ் அதிகாரிகளை உள்ளே விட்டார்கள் என்பதுதான் அன்றைக்கு தி.மு.க. வைத்த குற்றச்சாட்டு. இன்றைக்கு மாநிலங்களவையில் எழுவதும் அதே சந்தேகம்தான். ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் எதிர்வரிசையில் இருப்பவருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது.

வன்னிமகள் எழுதியது:

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இதைப் படித்தால் விஷயம் இன்னும் சிக்கலாகும்.

2018 நவம்பர் 16. கொழும்பில் மஹிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்த பிறகு வந்த குழப்பக் காலம். அவருடைய ஆதரவு எம்.பி.மார் சபாநாயகரின் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டு அவையை நடக்கவிடவில்லை. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸாரை அழைத்து, அவர்கள் சுற்றி நிற்க சபைக்குள் வந்தார். பொலிஸார் மேல் மிளகாய்த்தூள் வீசினார்கள், கதிரைகளை எறிந்தார்கள். பொலிஸார் திருப்பி அடிக்கவில்லை. நடுவில் நின்றபடியே சபாநாயகர் குரல் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார்.

வழமையாக எங்கள் சபையில் ஒழுங்கைப் பார்ப்பவர் படைக்கலச் சேவிதர். அவருடைய ஆட்களால் அன்றைக்குச் சமாளிக்க முடியாத நிலை. அப்போது பொலிஸ் திணைக்களம் யாருடைய பொறுப்பில் இருந்தது தெரியுமா? மஹிந்தவை நியமித்த ஜனாதிபதியின் அமைச்சின் கீழ். இருந்தும் அந்தப் பொலிஸார் சபாநாயகர் சொன்னதைத்தான் செய்தார்கள். ஆகவே சீருடை எந்த அமைச்சுக்குச் சொந்தம் என்பதை விட, சபைக்குள் கால் வைத்த நிமிடத்திலிருந்து யார் கட்டளை செல்லும் என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

சட்டக்கல்லூரி செல்வி எழுதியது:

வன்னிமகள் அக்கா, உங்கள் உதாரணத்தில் மனிதர்கள் நல்லபடி நடந்துகொண்டார்கள். நடக்காமல் போனால்? தென் கொரியாவைப் பாருங்கள். 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் இராணுவச் சட்டம் அறிவித்தார். அதை ரத்து செய்யும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, ஆனால் உறுப்பினர்கள் கூடி வாக்களித்தால்தான். போலீஸ் வாசலை அடைத்தது. அங்கே நாடாளுமன்றக் காவல் பிரிவே தேசியப் போலீஸ் துறையின் ஓர் அங்கம். 67 வயது சபாநாயகர் வூ வொன் ஷிக் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போனார். பலரும் அப்படித்தான் போனார்கள். 300 பேரில் 190 பேர் சேர்ந்து, ஒரு எதிர்வாக்கு இல்லாமல் அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். சில நாளில் போலீஸ் தலைவர் மேல் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது.

சபாநாயகர் தன் சொந்தச் சபைக்குச் சுவர் ஏறிப் போக வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். காவல் யார் கையில் என்ற கேள்வி எப்போதும் அலுவலக விஷயம்போலத்தான் இருக்கும். அந்த ஒரு இரவில்தான் அதன் கனம் தெரியும்.

நியூஜெர்சி குமரன் எழுதியது:

அமெரிக்காவில் கொள்ளிடக்கரை கேட்கிற மாதிரியே இருக்கிறது. கேப்பிடல் போலீஸ் 1828 முதல் இருக்கிறது, நாடாளுமன்றத்துக்கே சொந்தமான படை. அதிபரின் கீழ் வராது. மேலே ஒரு வாரியம். இரு அவைகளின் ஒழுங்கையும் பாதுகாப்பையும் பார்க்கும் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் இருவர், கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒருவர், இவர்கள் மூவருக்கும் வாக்கு உண்டு. போலீஸ் தலைவரும் அதில் உட்காருவார், வாக்கு கிடையாது.

2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர் கூட்டம் தடுப்பை உடைத்து உள்ளே வந்தபோது, தலைவர் ஸ்டீவன் சண்ட் தேசியக் காவல் படையை வரவழைக்க வாரியத்தின் அனுமதி கேட்டார். கிடைக்க ஒரு மணி நேரம் போல ஆனது என்பது அவர் சாட்சியம். எப்போது கேட்டார் என்பதில் வாரியத்தில் இருந்தவருக்குக் கருத்து வேறு. அனுமதிக்குப் பிறகும் ராணுவத் தலைமையகத்தில் தாமதம், படை வந்து சேர மாலை 5 மணி தாண்டியது. அதற்குள் கேப்பிடல் போலீஸ், வாஷிங்டன் நகரப் போலீஸ் இரண்டிலும் சேர்த்து 140 பேர் அளவில் காயம். சண்டும் இரு சார்ஜென்ட்களும் பதவி விலகினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டத்தை மாற்றி, அவசரத்தில் தலைவரே நேரடியாகப் படையைக் கேட்கலாம் என்று செய்தார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்துக்குப் பொருந்தாது. அதனால் கேப்பிடல் போலீஸுக்கும் பொருந்தாது. நம் வரிப்பணத்தில் ஓடுகிற போலீஸிடம் ஒரு பொதுமகன் ஆவணம் கேட்க வழியில்லை. சபைக்குச் சொந்தம் என்பதாலேயே மேற்பார்வை வந்துவிடாது.

பாரா டியூட்டி எழுதியது:

குமரன் சொன்னதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன். குழு போட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்காது.

ஸ்கார்பரோ சிவா எழுதியது:

கனடாவில் நீங்கள் கேட்ட ஒரே தலைமை வந்தது ஐயா. 2014 அக்டோபர் 22 அன்று ஒட்டாவாவில் ஒருவன் போர் நினைவிடத்தில் நின்ற சிப்பாயைச் சுட்டுக் கொன்றுவிட்டு நாடாளுமன்றத்துக்குள் ஓடினான். உள்ளே இரு அவைகளுக்கும் தனித்தனிக் காவல், வெளியே மத்தியப் போலீஸ். கீழவையின் சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ் கெவின் விக்கர்ஸ் அவனை எதிர்கொண்டு சுட்டார். 2015ல் எல்லாவற்றையும் ஒரே படையாக்கினார்கள். பொறுப்பு இரு சபாநாயகர்களுக்கும். ஆனால் இயக்குநர் மத்தியப் போலீஸ் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதை அப்போதே பலர் எதிர்த்தார்கள், அவர் உண்மையில் யார் பேச்சைக் கேட்பார் என்று.

சட்டக்கல்லூரி செல்வி எழுதியது:

எனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

முதலாவது, சபாநாயகர் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 2008 நவம்பரில் லண்டனில் டேமியன் கிரீன் என்ற எதிர்க்கட்சி உறுப்பினரின் நாடாளுமன்ற அலுவலகத்தைப் போலீஸ் சோதனை போட்டது. நீதிமன்ற வாரன்ட் இல்லை. அனுமதிக் கையெழுத்துப் போட்டவர் அவையின் சொந்த அதிகாரியான சார்ஜென்ட் அட் ஆர்ம்ஸ். வாரன்ட் கேட்கலாம் என்றுகூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. சபாநாயகர் மைக்கேல் மார்ட்டின் அதற்குப் பிறகுதான் வாரன்ட் இல்லாமல் இனி விடக்கூடாது என்று விதி செய்தார். காவல் சபையின் கையில் இருந்தும் விதி இல்லாததால் கோட்டை விட்டார்கள்.

இங்கேயும் பாருங்கள். 2023 புகை சம்பவத்துக்குப் பிறகு எதிர்க்கட்சிகள் உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று கேட்டன. வளாகப் பாதுகாப்பு மக்களவைச் செயலகத்தின் பொறுப்பு, அரசு தலையிடாது என்றார் சபாநாயகர் ஓம் பிர்லா. சரி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதையே கேட்டு நின்ற உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தொடரில் இரு அவையிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம். அன்று அவையிலேயே இல்லாத சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரும் பட்டியலில் வந்து, பிறகு நீக்கினார்கள். அரசிடம் கேட்டால் சபாநாயகரைக் கேள் என்கிறார்கள். சபாநாயகரை அவையில் கேள்வி கேட்க முடியாது. அப்படியானால் யாரைத்தான் கேட்பது?

இரண்டாவது, பலருக்குத் தெரியாதது. தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் சி.ஐ.எஸ்.எஃப். இருக்கிறது. 24ஆம் பிரிவின்படி ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய தகவல் தவிர வேறு எதையும் அது தர வேண்டியதில்லை. மக்களவைச் செயலகம் அந்த விலக்குக்குள் வராது. வாட்ச் அண்ட் வார்டு செய்த வேலையை சி.ஐ.எஸ்.எஃப்.க்கு மாற்றியதால், நேற்று வரை கேட்டு வாங்க முடிந்த தகவல் இன்றைக்குப் பூட்டுக்குள் போகும். இதைப் பற்றி ஒரு விவாதமும் நடக்கவில்லை.

நீலாங்கரை மணி எழுதியது:

செல்வி சொன்ன தகவல் உரிமை விஷயம் எனக்குப் புதிது. பாதுகாப்பு விவரத்தை யாரும் வெளியே சொல்லக்கூடாது என்பதில் நான் மாற மாட்டேன். ஆனால் ஓர் எம்.பி.யைத் தொட்டு நிறுத்தினால் அதற்கு ஒரு பதிவு இருக்க வேண்டும், அதை எம்.பி. கேட்டால் கொடுக்க வேண்டும். இதில் ரகசியம் எதுவும் இல்லை.

கொள்ளிடக்கரை எழுதியது:

மணி, அதுதான் மையம். குமரனும் செல்வியும் சொன்னதைப் படித்த பிறகு என் கோரிக்கையைக் கூர்மையாக்கிச் சொல்கிறேன். வெளி வாசல், ஆயுதம், தீவிரவாதத் தாக்குதல், இதெல்லாம் சி.ஐ.எஸ்.எஃப். பார்க்கட்டும். அதில் அவர்கள் தேர்ந்தவர்கள். அவை மண்டபம், அதன் தாழ்வாரங்கள், பார்வையாளர் மாடம், இந்த மூன்றிலும் உறுப்பினரைத் தடுப்பதோ தொடுவதோ நாடாளுமன்றப் பாதுகாப்புப் பணி மட்டும்தான், அதுவும் அவையை நடத்துபவரின் உத்தரவோடு. 2010 மார்ச்சில் மகளிர் ஒதுக்கீட்டு மசோதாவின்போது மாநிலங்களவையில் ஏழு உறுப்பினர்களை மார்ஷல்கள் என்ற அவைக் காவலர்கள் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். கசப்பான காட்சிதான். ஆனால் தூக்கியவர்கள் யார், உத்தரவு யாருடையது என்பதில் அன்றைக்குக் குழப்பம் இருந்ததாக நினைவில்லை.

மேற்பார்வைக்கு இரு அவை உறுப்பினர்களும் உள்ள குழு வேண்டும், தலைவர் எதிர்க்கட்சியிலிருந்து. பொதுக்கணக்குக் குழுவுக்கு அந்த மரபு ஏற்கெனவே இருக்கிறது. புகார்கள் அந்தக் குழுவுக்குப் போக வேண்டும், சபாநாயகரின் மேசையோடு நின்றுவிடக்கூடாது.

மக்களவை விதி 232ன்படி சபாநாயகர் அனுமதி இல்லாமல் வளாகத்துக்குள் யாரையும் கைது செய்ய முடியாது. கைதுக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது, உறுப்பினரை மறிப்பதற்கும் எழுத்தில் ஒரு விதி இருப்பதில் என்ன தவறு?

பாரா டியூட்டி எழுதியது:

இந்த அளவுக்கு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளே யார், வெளியே யார் என்று எழுதி ஒவ்வொரு வீரர் கையிலும் கொடுங்கள். வாசலில் நிற்கிற பையனுக்கு அது பெரிய நிம்மதி. ஒருபக்கம் விட்டால் மேலதிகாரி திட்டுவார், மறுபக்கம் நிறுத்தினால் எம்.பி. திட்டுவார் என்று நடுங்கிக்கொண்டு நிற்கத் தேவையிருக்காது. ஆனால் ஒன்று. பார்வையாளருக்குச் சிபாரிசு செய்கிற எம்.பி., இவர் எனக்கு நேரில் தெரிந்தவர், முழுப் பொறுப்பு ஏற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். 2023ல் உள்ளே குதித்தவர்கள் வந்ததும் ஓர் எம்.பி.யின் சிபாரிசில்தான். அந்தக் கையெழுத்துக்கு என்ன விளைவு என்பதையும் உங்கள் குழு எழுத வேண்டும். விதி வீரருக்கு மட்டும் இருந்தால் போதாது.

கொள்ளிடக்கரை எழுதியது:

கட்டாயம் சேர்க்க வேண்டும் ஐயா. முழுக்க உடன்படுகிறேன்.

சட்டக்கல்லூரி செல்வி எழுதியது:

அப்படியானால் மக்களவைச் செயலகத்துக்கும் மாநிலங்களவைச் செயலகத்துக்கும் தனித்தனியாகத் தகவல் உரிமை மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய்தான். நான் கேட்க நினைப்பது இவை: அவை மண்டபத்துக்குள் பணியாற்ற யாருக்கு அனுமதி என்பதற்கான நடப்பு உத்தரவின் நகல். உறுப்பினரைத் தடுத்ததாக 2024 மே 20க்குப் பிறகு வந்த புகார்களின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றிலும் எடுத்த முடிவும். பார்வையாளர் சிபாரிசை மீறிய உறுப்பினர் மேல் எடுத்த நடவடிக்கை. பாதுகாப்பு ஏற்பாட்டின் விவரம் எதையும் கேட்கவில்லை, அதனால் மறுக்கக் காரணம் குறைவு. வரைவை நாளை மாலைக்குள் இங்கே போடுகிறேன். பாரா டியூட்டி ஐயா, பணிமொழியில் ஏதாவது பிசகு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.